என் கொப்பியில் இல்லாத வரி

நாற்பத்தேழு வயதில் எனக்கு நாடக விசர் பிடித்துவிட்டதென்று அண்ணி மாதா கோயில் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். சொல்லட்டும். ஊரை விட்டு வந்து, மில்லிக்கனில் அண்ணன் வீட்டு பேஸ்மென்டில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். அவர்களுடைய மூன்று பிள்ளைகளையும் குளிக்கவார்த்து, சோறு தீத்தி, ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றி வளர்த்தவள் நான். கிழமையில் ஐந்து நாள் பாண் சுடும் தொழிற்சாலையில் கால் வீங்க நிற்கிறேன். ஞாயிறு பின்னேரம் மூன்று மணித்தியாலத்தை எனக்கென்று எடுத்தால் மட்டும் அதற்குப் பெயர் விசர்.

நாடகம் அமெரிக்காவுடையது. தங்களுடைய பெரிய யுத்தம் முடிந்த கையோடு அவர்கள் மேடையேற்றியதாம். கிறிஸ்துநாயகம் மாஸ்டர் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர். அவரே அதை எங்கள் பேச்சுத் தமிழில் எழுதி, பெப்ரவரியில் கோயில் மண்டபத்தில் ஒத்திகை தொடங்கினார். ஒரு பெண், வயதை மறைத்து, இல்லாத பெருமையெல்லாம் சொல்லிக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கி இருக்கிறாள். ஒருவன் தன்னைக் கட்டுவான் என்று நம்புகிறாள். அவன் கட்டாமல் போய்விட, அவளுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை.

"உவள் கண்டபடி ஆசைப்பட்டவள். அதாலதான் அழிஞ்சவள்," என்றார் மாஸ்டர் முதல் நாளே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆம்பிளை ஆசைப்பட்டால் கலியாணம் பேசுறியள். பொம்பிளை ஆசைப்பட்டால் விசர் எண்டுறியளோ?"

"அப்ப நீரே வந்து நடியும்," என்றார்.

அதுவரை அந்தப் பாத்திரம் அருள்நாயகம் அண்ணைக்கென்று இருந்தது. மன்னாரில் இருபது வருடம் நாட்டுக்கூத்தில் இராணி வேடம் கட்டியவர். அறுபத்தைந்து வயது, பெரிய மீசை. "எடு பிள்ளை, எனக்கு இனி இடுப்பு ஏலாது," என்று சிரித்துக்கொண்டே விட்டுத்தந்தார்.

என்னைக் கட்டாமல் போகிறவராக நடித்தது பேனாட் அண்ணை. ஸ்ரௌவ்விலில் இருந்து வருவார். பார்சல் வான் ஓடுகிறவர், ஐம்பத்திரண்டு வயது, மனைவி செத்து ஆறு வருடம். பேச்சுக் குறைவு. ஒத்திகைக்கு வரும்போது எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கி வருவார். எனக்கு மட்டும் சீனி போடாதது. நான் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருந்தேன். மனிதர் மறக்கவேயில்லை.

நாடகத்தில் வரும் கடைசிச் சந்திப்பில் அவர் என் கையைப் பிடிக்க வேண்டும். மாஸ்டர் தந்த வசனக் கொப்பியின் நாற்பத்தோராம் பக்கத்தில் அதற்கு எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'அவன் அவள் கையைப் பிடிக்கிறான். பிறகு விட்டுவிட்டுப் போகிறான்.'

ஏப்ரலில் வன்னியில் சனம் பொழுதுக்குப் பொழுது செத்துக்கொண்டிருந்தது. இங்கே எங்கள் சனம் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி யூனிவர்சிட்டி அவென்யூவில் போய் நின்று கத்தியது. நானும் ஒரு ஞாயிறு ஒத்திகையை விட்டுவிட்டு, தொண்டை கட்டும் வரை அங்கே நின்றேன். அடுத்த ஞாயிறு மண்டபத்துக்கு வந்தால் ஹீட்டர் வேலை செய்யவில்லை. பேனாட் அண்ணை வழமைபோல என் கையைப் பிடித்தார். ஆனால் உடனே விடவில்லை.

"உங்கட கை இப்பிடிக் குளிருது. இதைப் பிடிக்க ஒருத்தரும் இல்லையோ?" என்றார்.

என் கொப்பியில் அந்த வரி இல்லை.

எனக்கு வாய் திறக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. அப்படியே நின்றேன். ஒரு சொல் பிசகினாலே துள்ளிக் குதிக்கிற மாஸ்டர் அன்று துள்ளவில்லை. "உந்த மௌனம் நல்லாயிருக்கு, வேரோனிக்கா. அப்பிடியே இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னார். அவருக்கும் விளங்கிவிட்டதென்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும் பேனாட் அண்ணை அதையே சொன்னார். ஒரு சொல்கூட மாறவில்லை. மனுசன் கூச்சக்காரர், நேரே கேட்கப் பயந்து நாடகத்துக்குள் ஒளித்துவைத்துக் கேட்கிறார் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். என்ன கோதாரி விளக்கமோ!

அன்றிலிருந்து நான் அவரை 'அண்ணை' என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். வேறு எப்படிக் கூப்பிடுவது? 'இஞ்சேருங்கோ' என்பது பெண்சாதிமார் கூப்பிடுவது. அதற்கு இன்னும் காலமிருக்கிறது என்று நினைத்து, ஒன்றும் கூப்பிடாமலே கதைத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டுச் சந்தோசப்பட்டேன்.

தலைக்கு மை பூசினேன். வெளிர் நீலத்தில் ஒரு சேலை வாங்கி, அண்ணிக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டிவியில் பிணங்களைக் காட்டியபோது நானும் அழுதவள்தான். ஆனால் தொழிற்சாலையில் பாண் தட்டு அடுக்கும்போது மனதில் ஓடியது வன்னி இல்லை. அந்த ஒரு வரிதான். 'மாமி, சாப்பாடு இருக்கோ?', 'வேரோனிக்கா, உடுப்புக் காய்ஞ்சிட்டுதோ?' இவைதான் என்னிடம் மற்றவர்கள் கேட்ட கேள்விகள். என் கையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

மே பதினெட்டாம் தேதி எல்லாம் முடிந்துவிட்டதென்றார்கள். பேனாட்டின் அக்கா குடும்பம் முள்ளிவாய்க்காலில் நின்றது. ஒரு தகவலும் இல்லை. மாத முடிவில் போட இருந்த நாடகத்தை மாஸ்டர் நிறுத்திவிட்டார். யாருக்கு மனம் வரும்? ஞாயிறு பூசை முடிய மண்டபத்தில் ஒரு செபம், பிறகு எல்லாரும் உடுப்புகளையும் கொப்பிகளையும் திருப்பித் தந்துவிட்டுப் போகலாம் என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிறுகள் இல்லை. அன்று வாய் திறக்காவிட்டால் அந்தக் கையும் இல்லை. பதில் சொல்லியே தீருவதென்று நீலச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். மண்டபத்தில் எல்லாரும் வெள்ளையும் கறுப்புமாக இருந்தார்கள். செபத்துக்கு வந்திருந்த றீற்றா அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தா. பார்க்கட்டும் என்று முழங்காலில் நின்றேன்.

செபம் முடிய, கிறிஸ்ரினா கொப்பிகளைச் சேர்த்தாள். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற பெட்டை, இங்கே பிறந்தவள். என் கொப்பியைப் புரட்டியவள் வாயைப் பொத்தினாள்.

"ஓ நோ, அன்ரி! உங்கடேல பேஜ் ஃபோர்ட்டி வன் பழசு."

"என்ன பழசு?"

"நீங்கள் புரொட்டெஸ்ட்டுக்குப் போன சண்டே மாஸ்டர் புதுப் பேஜ் தந்தவர். உங்கட கொப்பிக்கை வைக்க மறந்திட்டன். ஐம் ஸோ ஸொறி. அண்டைக்கு உங்கட பார்ட்டை அருள்நாயகம் அங்கிள்தான் செய்தவர். பேனாட் அங்கிள் அவற்ர கையைப் பிடிச்சு, குளிருது எண்டு அந்த லைனைச் சொல்ல, ஓ மை கோட், எங்களுக்கு அழுகையே வந்திட்டுது. அவர் மீசையோட நிக்கிறார், அன்ரி!"

அவளுடைய கொப்பியைப் பறித்துப் பார்த்தேன். அவருடைய வரி அச்சொட்டாக இருந்தது. அதற்குக் கீழே எனக்கும் ஒரு வரி. நான் ஒருநாளும் சொல்லாத வரி: 'குளிருது. விட்டிடாதேங்கோ.'

மாஸ்டர் எழுதிய வரிக்கு நான் சேலை வாங்கியிருக்கிறேன். அருள்நாயகம் அண்ணையின் கையைப் பிடித்துப் பழகிவிட்டுத்தான் பேனாட் என் கையைப் பிடித்திருக்கிறார். அப்படியே பின்கதவால் போயிருக்கலாம். ஆனால் சீனி போடாத தேத்தண்ணி கொப்பியின் எந்தப் பக்கத்திலும் இல்லையே என்று ஒரு மனம் சொன்னது. பாழாய்ப்போன மனம். நான் முன்கதவால் போனேன்.

பேனாட் வானுக்குப் பக்கத்தில் நின்றார். கண் சிவந்து, சவரம் செய்யாத முகம். வெளியே நல்ல வெயில்.

"அக்காவின்ர பக்கம் ஏதும் தகவல்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை," என்றார்.

அதற்கு மேல் என்னிடம் சொந்தமாக ஒரு சொல்லும் இல்லை. கையை நீட்டினேன். அவர் பிடித்தார்.

"குளிருது," என்றேன். "விட்டிடாதேங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, அந்த முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"அட, அந்த வசனம்! நீங்கள் அதை மறந்திட்டியள் எண்டெல்லோ நினைச்சன். மாஸ்டர் மௌனம் நல்லாயிருக்கு எண்டாலும், ஒவ்வொரு கிழமையும் இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்." என் கையை இரண்டு தரம் தட்டிவிட்டு, விட்டார். "நல்லாச் சொன்னியள், வேரோனிக்கா. மேடையில சொல்லியிருந்தால் சனம் அழுதிருக்கும்."

வெயிலில் என் கை வியர்த்திருந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன்.

"ஓம், பேனாட் அண்ணை," என்றேன். "இப்பதான் பாடமாச்சுது."