தண்ணிப் பாண்

1

இந்தக் கதை ஒரு விளம்பரப் பலகையில் பிறந்தது. இத்தாலியின் பலெர்மோவில், பொலிதேயாமா அரங்கின் பக்கத்து ஐரிஷ் மதுக்கடை ஒன்று டிசம்பர் பதின்மூன்றுக்காக எழுதி வைத்திருந்தது: “சாந்தா லுச்சியா திருநாள். அரஞ்சினாவுடன் கறுப்பு ஐரிஷ் பியர். வறுத்த பார்லியின் இருளில் புனிதையின் ஒளி.” புனிதையிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

(அன்று இவ்வூரார் கோதுமை மாவில் செய்த பாணையும் பாஸ்தாவையும் தொடமாட்டார்கள். சோற்றை உருட்டிப் பொரித்த அரஞ்சினாவை ஆளுக்கு நாலைந்து விழுங்குவார்கள். இதற்குப் பெயர் ஒறுத்தல்.)

2

முதல் தொடக்கம்: “றோபேட் மிக நேர்மையான மனிதன், அவன் ஒருபோதும்”

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்களே சந்தேகப்படுவீர்கள்.

மன்னாரைச் சேர்ந்த றோபேட்டுக்கு அந்தக் கடைச் சமையலறையில் வேலை. திருநாளுக்கு மறுநாள் காலை அவன் மனைவி அகஸ்ரீனாவுக்குக் கண் சத்திரசிகிச்சை. லுச்சியா கண்களின் பாதுகாவலி. திருநாள் முழுக்க வாயில் பாண் படாது என்று இருவரும் அவளுக்கு நேர்ந்திருந்தார்கள்.

திருநாள் மாலையில் மகள் அனிற்றா அகஸ்ரீனாவிடம் கைப்பேசியை நீட்டினாள். கடையின் இன்ஸ்டாகிராமில் றோபேட், நுரைத்த பியர் கிளாசுடன்.

“கீழை என்ன எழுதிக் கிடக்கு, பிள்ளை?”

“பானே லிக்குவிதோ. தண்ணிப் பாண், அம்மா.”

3

றோபேட் சப்பாத்தைக் கழற்றுமுன்பே விசாரணை தொடங்கிவிட்டது.

“இஞ்சாருங்கோ, பாண் சாப்பிட்டனீங்களோ?”

“இல்லை.”

“குடிச்சனீங்களோ?”

“முதலாளி படமெடுக்கத் தந்தவர். பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

“மீசையிலை நுரை கிடக்கு.”

“உனக்குத்தான் வடிவாக் கண் தெரியாதே.”

[இந்த வரியை மூன்று முறை வெட்டினேன். அவன் சொல்லாமல் விடவில்லை.]

“அதுக்குத்தானே நேர்ந்தது,” என்றாள். “வாயை ஊதுங்கோ.”

அவன் அவள் தட்டைப் பார்த்தான். பாதி அரஞ்சினா.

“முதல்லை நீ ஊது. அதைப் பாண்தூளிலை பிரட்டித்தான் பொரிக்கிறது. நான்தான் பிரட்டினனான்.”

“மத்தியானம் நீங்கள்தானே அனுப்பினீங்கள்?”

“ஊரே தின்னுது.”

“தெரிஞ்சுகொண்டோ அனுப்பினீங்கள்?”

4

அவன் வாயில் வெறும் கோப்பி மணந்ததாக ஒரு முடிவு எழுதினேன். நானே நம்பவில்லை. பங்குச் சுவாமியை அழைத்து இருவரையும் மன்னிக்க வைத்தேன். அவர் வாயைத் திறந்ததும்…

அதையும் விட்டுவிட்டேன்.

இப்போது அகஸ்ரீனா தட்டைத் தள்ளிவிட்டு அவன் முகத்தருகே வந்து நிற்கிறாள். விடிந்தால் அவள் கண்ணில் கத்தி வைப்பார்கள். றோபேட் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான். அதிக நேரம் தாக்குப்பிடிக்க மாட்டான்.

எனக்கோ தடிமன், மூக்கடைத்து ஒன்றும் மணக்கவில்லை. நீங்கள்தான் கொஞ்சம் கிட்டப் போகவேண்டும்.