இடைவேளைக்கு அப்புறம்

இரண்டு கதவுகளும் சேரும் கோட்டில் அவள் நகங்களை நுழைத்து இழுத்தாள். ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விழுந்தது. அதற்கு அந்தப் பக்கம் வெறும் சிமெண்ட் சுவர்.

"கதவை விடு."

பின்னாலிருந்து அண்ணன் சொன்னான். அவள் விடவில்லை.

"விடுன்னு சொல்றேன்ல. கையை நசுக்கிடும். அப்பா எத்தனை தடவை சொல்லியிருக்கார்?"

அவள் கையை எடுத்தாள். கதவு பட்டென்று மூடிக்கொண்டது.

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றிருந்தது. ஐந்தாவது மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில், வாசலை ஒட்டிய கட்டிலில் அப்பா. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அம்மா போனில் சொன்னது இவ்வளவுதான்: "எங்க இருந்தாலும் கிளம்பி வா. டாக்டர் எல்லாரையும் வரச் சொல்லிட்டார்."

அந்த 'எல்லாரையும்' என்பதில் அண்ணனும் உண்டு என்று அவளுக்கு உறைக்கவில்லை. கீழே லிஃப்டுக்குள் பாய்ந்து ஐந்தை அழுத்தியபோதுதான் வராந்தாவின் கோடியிலிருந்து அவன் ஓடிவருவதைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகப் பார்க்காத முகம். பார்த்த மாத்திரத்தில் அவள் கட்டைவிரல் தானாகக் கதவு மூடும் பட்டனுக்குப் போயிற்று. குத்து குத்தென்று குத்தினாள். மூடப்போன கதவுக்குள் அவன் காலை நுழைத்தான். கதவு திறந்தது. மறுபடி குத்தினாள். கதவு போய், வந்து, யோசித்து, ஒருவழியாக மூடியது. மூன்று மாடி ஒழுங்காக ஏறிய லிஃப்ட், ஒரு முனகலோடு நின்றுவிட்டது.

"அந்தப் பட்டனைக் குத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல," என்றான் அண்ணன், அபாய மணியை அழுத்திக்கொண்டே. "பாதி லிஃப்ட்ல அதுக்கு வயரே கிடையாது. மனுஷன் சும்மா நிக்க மாட்டான்னு வெச்சிருக்காங்க."

அதுவும் அப்பாவின் வசனம்தான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் கிணறுகளுக்குள் தலைகீழாகத் தொங்கியவர்.

பட்டன்களுக்கு மேலே இருந்த ஸ்பீக்கர் சல்லடை கரகரத்தது. ஒரு செக்யூரிட்டியின் குரல்.

"ஹலோ, உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேர். எங்கப்பா அஞ்சாவது மாடில சீரியஸா இருக்கார். சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

"பதறாதீங்க சார். கதவு சென்சார்ல ஏதோ கோளாறாம். கம்பெனிக்குச் சொல்லியாச்சு, புதுப் பையன் ஒருத்தன் வந்துட்டிருக்கான். வழக்கமா வர்றவர் இருந்தா இந்நேரம் கிளப்பியிருப்பார். அவர் பாவம், மேலயே அட்மிட் ஆகிக் கிடக்கார்."

அண்ணன் சல்லடையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "தெரியும்," என்றான்.

சென்சார். அப்பா அவளுக்கு வைத்த பெயரும் அதுதான். எந்தப் படம் பார்த்தாலும் வாசலைத் தாண்டுவதற்குள் அவள் வெட்ட வேண்டிய காட்சிகளை அடுக்கிவிடுவாள். 'கதவுக்கு ஒரு சென்சார், வீட்டுக்கு ஒரு சென்சார். ரெண்டுக்கும் குறுக்க நின்னா ஆபத்து' என்பார் அப்பா.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒரு சதுரப் பலகை.

"மேல பார்க்காதே. அது சினிமாலதான் திறக்கும்."

"நான் ஒண்ணும் பார்க்கல."

"நீ பார்த்தே."

கூரை மின்விசிறி மட்டும் சுற்றியது.

ஒருகாலத்தில் மூன்று டிக்கெட். அப்பா நடுவில், இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அண்ணன். பாப்கார்ன் அப்பாவின் மடியில். அம்மாவுக்குச் சினிமா என்றால் தலைவலி. அண்ணன் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது அம்மா வாசலை மறித்தாள். அவன் திரும்பி நடந்தபோது, அம்மாவுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "போனாப் போகட்டும். இனிமே ரெண்டு டிக்கெட் போதும்."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேச்சு வந்தாலே டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு டிக்கெட்டோடு வந்து நின்றார். அன்றைக்கே அவளுக்கு முடிவாகிவிட்டது, அப்பா தன் கட்சி என்று.

அதன்பிறகு எல்லா ஞாயிறும் அவளுடையவை. அப்பாவோடு படம் பார்ப்பது தனி அனுபவம். எந்தப் பாட்டு மொக்கை என்று அவருக்கு மூக்கில் வேர்க்கும். பாட்டு தொடங்குவதற்கு முன்பே டீ வாங்க எழுந்துவிடுவார். திரும்பி வந்து உட்காரும்போது சரியாகக் கதை நகரும். ஆனால் கொலைகாரன் யார் என்று மட்டும் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. பந்தயம் கட்டித் தோற்பார். தோற்றவர் ஐஸ்கிரீம் வாங்க வேண்டும். இரண்டு வருஷமாக அவள் ஐஸ்கிரீமுக்குக் காசு கொடுத்ததே இல்லை.

"நீ எங்கேர்ந்து வர்றே?" என்றான் அண்ணன் திடீரென்று. அவள் தோளைப் பார்த்துக் கேட்டான். துணி மடிப்பில் ஒரு பாப்கார்ன் ஒட்டியிருந்தது.

அவள் அதைத் தட்டிவிட்டாள்.

"படத்துக்கா போயிருந்தே? அப்பா இப்படிக் கிடக்கும்போது?"

"அவர்தான் போகச் சொன்னார்."

"அவர் சொன்னாராம்."

"ஆமா, அவர்தான் சொன்னார். உனக்கென்ன தெரியும்? ஞாயித்துக்கிழமை நானும் அவரும்தான் படத்துக்குப் போயிருந்தோம். இடைவேளை லைட் போட்டதும் என் பக்கம் குனிஞ்சு, 'டிரைவர்தான் கொலை பண்ணினவன், பந்தயமா'ன்னு கேட்டார். டீ வாங்கப் போறேன்னு எழுந்தார். படியிலேயே உட்கார்ந்துட்டார்."

அண்ணன் சுவரில் சாய்ந்தான்.

"இன்னிக்குக் காலையில ஆக்சிஜன் முகமூடியைத் தள்ளிட்டு அதைத்தான் கேட்டார். 'இடைவேளைக்கு அப்புறம் என்னாச்சு?' நீ எழுந்து வாப்பா, சேர்ந்து பார்க்கலாம்னேன். 'அதுவரைக்கும் தாங்காது. நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு, சென்சார். டிரைவர்தான்'னார். அதான் போனேன்." அவள் குரல் உயர்ந்தது. "நான் அவர்கிட்ட முடிவைச் சொல்லணும். அவ்வளவுதான். ஒரு நிமிஷம் போதும் எனக்கு."

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. திரையில் கொலைகாரன் முதுகைக் காட்டி நின்றபோது மடியில் போன் அதிர்ந்தது. அம்மா. அவன் முகம் திரும்பும்வரை அவள் எடுக்கவில்லை.

பக்கத்து இருக்கை காலியாக இருந்த முதல் படம் அது. அதில் ஒரு காட்சி. உச்சி மாடியில் லிஃப்டின் கயிறு அறுந்து, கதாநாயகன் தரைவரை விழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறான். தியேட்டரே மூச்சைப் பிடித்தது. அவளுக்கு மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குத் தீனி. சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கதவின் மேல் எரிந்துகொண்டிருந்த எண்ணைப் பார்த்தான். 3.

"உன்னை யார் கூப்பிட்டது?" என்றாள்.

"அம்மா."

'எனக்கு ஒரே பிள்ளைதான்' என்று இரண்டு வருஷம் சொன்ன அம்மா, தன் கையால் அவன் போன் எண்ணைத் தட்டியிருக்கிறாள். டாக்டர் சொன்னதைவிட இது பெரிய செய்தி.

"அப்பா போன் ரெண்டு நாளா ஸ்விட்ச் ஆஃப்னே வந்துச்சு," என்றான் அண்ணன் தரையைப் பார்த்து. "அப்பவே மனசுல ஒரு மாதிரி இருந்துச்சு."

"நீ எதுக்கு அப்பாவுக்குப் போன் பண்ணினே?"

அவன் பதில் சொல்வதற்குள் சல்லடை கரகரத்தது.

"சார், பையன் வந்துட்டான். மோட்டார் ரூமுக்கு ஏறிட்டிருக்கான். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க."

"எவ்வளவு நேரம்?" என்று அவள் கத்தினாள்.

"புதுப் பையன்மா. அவனைப் பதட்டப்படுத்த வேணாம்."

அவள் உள்ளங்கையால் கதவைத் தட்டத் தொடங்கினாள். "மாட்டிக்கிட்டா பெல்லை அடி, தரையில உட்காரு, கதவைத் தொடாதே" என்று சின்ன வயதில் அப்பா பாட்டுப்போல் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தும் தட்டினாள். கதவு அதிரும் சத்தம் கிணறு முழுக்க ஏறி இறங்கியது.

"உட்காரு," என்றான் அண்ணன்.

"நீ சும்மா இரு."

"லிஃப்ட்ல மாட்டினவன் எவனும் செத்ததில்ல. வெளிய குதிக்கப் பார்த்தவன்தான் செத்திருக்கான்னு சொல்வாரே. உட்காரு."

"அவர் எத்தனை பேரை வெளிய எடுத்தார்," என்றாள் அவள். தட்டுவதை நிறுத்தவில்லை. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனாப் போதும். எவனாவது ஒருத்தன் எங்கேயாவது மாட்டிக்குவான். டூல் பையைத் தூக்கிட்டு ஓடுவார். ஒரு வெள்ளிக்கிழமை ஒழுங்கா வீட்டுல சாப்பிட்டிருக்காரா? அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க. இன்னிக்கு அவர் பொண்ணு மாட்டியிருக்கேன், யார் வரா பாரு."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது மேலே, நான்காவது மாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"உள்ள யாரு? ரெண்டு பேரும் இதுலதான் இருக்கீங்களா?"

அம்மாவின் குரல்.

"அம்மா! நான்தான். அப்பாகிட்ட நான் வந்துட்டேன்னு சொல்லு. ரெண்டு நிமிஷம்னு சொல்லு."

மேலே செருப்பு ஒருமுறை தரையில் உரசியது.

"அம்மா?"

"அண்ணனும் இருக்கானா?"

"இருக்கேம்மா," என்றான் அவன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு, அவள் காதுபட அவன் அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை.

கதவின் மேல் அம்மா கையை வைப்பது கேட்டது.

"சரி," என்றாள் அம்மா. "இனிமே அவசரமில்ல. அந்தப் பையனை மெதுவாத் திறக்கச் சொல்லுங்க."

அவள் தட்டுவதை நிறுத்தினாள். பிறகு, சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தபடி, தரையில் உட்கார்ந்தாள். அண்ணனும் எதிர்ச் சுவரில் சறுக்கி உட்கார்ந்தான். அவன் செருப்பும் அவள் செருப்பும் தொட்டுக்கொண்டிருந்தன. யாரும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

*

கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். குழாய்களை எடுத்துவிட்டார்கள். மூக்கின் இரு பக்கமும் முகமூடியின் தடம். கிரீஸ் போகாத அந்தக் கட்டைவிரல் நகம் மட்டும் வழக்கம்போல் இருந்தது.

அவள் அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"டிரைவர் இல்லப்பா," என்றாள். "மாமனார். இந்தத் தடவையும் நீ தோத்துட்டே."

திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அண்ணன் சட்டென்று ஜன்னல் பக்கம் போய்விட்டான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

கையெழுத்துகள் முடிந்தபோது சாயங்கால வெயில் வராந்தாவில் நீண்டிருந்தது. லிஃப்ட் ஓடத் தொடங்கியிருந்தது. புது மெக்கானிக் பையன் டூல் பையைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். தள்ளுகட்டிலில் இருப்பது யார் என்று செக்யூரிட்டி சொல்லியிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றியிருந்தான்.

"அந்தப் பெட்டியில நான் ஏற மாட்டேன். படியில வர்றேன்," என்றாள் அம்மா. "நீங்க ரெண்டு பேரும் கூடப் போங்க."

கட்டிலைத் தள்ளிவந்த வார்டு பையன் தலைமாட்டில். கட்டிலுக்கு ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் அண்ணன். அப்பா நடுவில்.

கதவு மூடியது. கதவின் மேல் 5 எரிந்தது.

"பாதிப் படத்தோட போயிட்டார்," என்றாள் அவள்.

4.

அண்ணன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த லிஃப்ட் அறுந்து விழற சீன்ல," என்றான், மெதுவாக, "சத்தம் போட்டுச் சிரிச்சிட்டார். 'ஆறு கயிறுடா, ஆறும் ஒரே நாள்ல லீவு போட்டுடுச்சா'ன்னார். முன் சீட்டுக்காரர் திரும்பி முறைச்சார்."

3.

அந்தக் காட்சி இடைவேளைக்கு அப்புறம் வருகிறது.

அப்பாவின் மேல் போர்த்தியிருந்த துணி ஓரம் விலகியிருந்தது. அவள் அதை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்த பிறகும் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எப்போ?"

"படம் ரிலீஸான அன்னிக்கு. வெள்ளிக்கிழமை."

2.

"வெள்ளிக்கிழமை அவருக்கு டூட்டி," என்றாள். "யாரோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்கன்னு..."

"யாரும் மாட்டல," என்றான் அண்ணன். "இந்த ரெண்டு வருஷத்துல ஒரு வெள்ளிக்கிழமைகூட யாரும் மாட்டல."