சுண்டல் எஃப்.எம். கேட்ட வீடுகள்

அந்த டிசம்பர் வெள்ளம், சுண்டல் எஃப்.எம். கேட்டுக்கொண்டிருந்த எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. வாசற்படி வரை வந்தது, நின்றது, அடுத்த வீட்டைப் பார்க்கப் போனது. நிலையம் தி.நகரில் ஒரு நாலாவது மாடியில் இருந்தது. சாயங்கால நிகழ்ச்சி நடத்திய மஹ்விஷ், சின்னம்மா மகள் நிக்காஹுக்குப் போக வேண்டுமென்று தன் பேச்சை முதல் நாளே பதிவு செய்து வைத்திருந்தாள். அப்படிச் செய்வது அந்தத் தொழிலில் சகஜம். ஆனால் வானிலையைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மஹ்விஷ் திறந்துவிட்டாள். "வெயில் சும்மா பளிச்சுனு அடிச்சிக்கினு கீது மச்சி, ஈரத்துணிய மாடில போடுங்க!" யாரும் வேலைக்கு வர முடியாமல் போனதால், ஜெனரேட்டரில் டீசல் இருந்த மூன்று நாளும் கம்ப்யூட்டர் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னது.

பதினோரு பேரோடு ஆரம்பித்த நிலையம் அது. போன் செய்கிறவர்கள் முதலில் தங்கள் ஏரியாவையும் பிறகு பெயரையும் சொல்வார்கள், மஹ்விஷ் "சாப்டீங்களா?" என்பாள், அப்புறம்தான் பாட்டு. அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து மீன்காரி தேவானை தினமும் பேசுவாள். வெள்ளத்தின் மூன்றாம் நாள் அவள் ரேடியோவில் பேட்டரி தீர்ந்தது. அரைமணியில் தண்ணீர் உள்ளே புகுந்து மகளின் சர்டிபிகேட்டுகளை அடித்துக்கொண்டு போனது. அதைக் கேட்டு மஹ்விஷ் அழுதாள், இனி இந்த மாதிரி பொய் சொல்ல மாட்டேன் என்றாள். தேவானைக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய்னு எங்களுக்குத் தெரியாதா? வாசலாண்ட தண்ணி ஓடிக்கினு கீது, கண்ணா அவிஞ்சு போச்சு? நீ பாட்டுக்கு சொல்லிக்கினே இரு கண்ணு." அதிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் மஹ்விஷ் வெயிலைப் பதிவு செய்தாள். மூன்றாம் வருஷம் குடிசைகளை இடித்து, தேவானையை ஊருக்கு வெளியே ஆறாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கே சுண்டல் எஃப்.எம். எடுக்கவில்லை. அவள் போனும் நின்றது.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்தில் ஒரே ஒரு வீடு மட்டும் வருஷா வருஷம் நனைந்தது. அது மஹ்விஷின் வீடு. அவள் அப்பா இனாயத் பஞ்சு மெத்தை தைப்பவர். மகள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஆசையாகக் கேட்டவர், எவனோ ஒருத்தன் போனில் அவளை மச்சி என்றதும் ரேடியோவை அணைத்தார். பதினாலு வருஷம் அதைத் தொடவில்லை. மகளிடம் சோறு, மருந்து தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு பக்கத்து வீடும் காய்ந்து கிடக்க, இவர் முழங்கால் தண்ணீரில் பஞ்சு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பார். "தண்ணி வந்தா வரட்டும். அந்தப் பேச்சு என் வீட்ல வரக்கூடாது." வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. ஊரே காது கொடுத்தும் இவர் கொடுக்காதது மஹ்விஷை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

போன அக்டோபரில் நிலையத்தை வேறு யாரோ வாங்கினார்கள். பேச்சு வேண்டாம், பாட்டு போதும் என்றார்கள். பாட்டுக்குத் தண்ணீர் மசியவில்லை. வேலை போய் மஹ்விஷ் வீட்டிலிருந்த முதல் பெருமழையில் சந்து முழுக்கத் தண்ணீர் ஏறியது. இனாயத்தால் இம்முறை மூட்டையைத் தூக்க முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. மஹ்விஷ் மைக் இல்லாமல், நடுவீட்டில் நின்று, வெயில் அடிக்கிறது என்றாள். அவர் காதைப் பொத்திக்கொண்டார். நாலு தடவை சொன்னாள். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது.

அவர் கைகளை இறக்கினார். அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"கச்சேரி ரோட்லேர்ந்து இனாயத் பேசுறேன்."

மஹ்விஷ் ரேடியோக் குரலுக்கு மாறினாள். "சொல்லுங்க இனாயத் சார். சாப்டீங்களா?"

"இல்ல மகளே. வெளில இன்னா, வெயிலா?"

"பளிச்சுனு அடிச்சிக்கினு கீதுப்பா."

தண்ணீர் வாசற்படிக்குத் திரும்பிப் போய் நின்றது. பிறகு சந்தை விட்டே வடிந்தது, ஆம்புலன்ஸ் உள்ளே வந்தது, அவர் பிழைத்துக்கொண்டார். அடி மூட்டைகள் இரண்டு நனைந்திருந்தன. இப்போது மழை நாட்களில் நாலு மணியானால் அந்தச் சந்தில் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறார்கள். மஹ்விஷ் எட்டு மணி வரை பேசுகிறாள். முதல் போன் எப்போதும் உள்ளறைக் கட்டிலிலிருந்துதான் வருகிறது.