மாமனார் பேரில் ஒரு கனிமம்

என் சகலைக்கு எங்கள் ஆய்வகத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். இதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டுவதில்லை. மாமனார் வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று தோன்றும்போது மட்டும் லேசாக ஞாபகப்படுத்துவேன். அப்படித் தோன்றாத ஞாயிற்றுக்கிழமை குறைவு.

நான் மூத்த பெண்ணைக் கட்டியவன். அவன் இளையவளைக் கட்டியவன். ஆய்வகத்தில் என் வேலை கல்லை அறுத்து, பிசினில் பதித்து, முகம் தெரிகிற அளவுக்கு பாலிஷ் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து என்ன கனிமம் என்று சொல்வது. அவன் வேலை, நான் பாலிஷ் போட்டுக் கொடுத்ததை எலக்ட்ரான் மிஷினுக்குள் தள்ளி, எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாக எடுப்பது. என் நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு ஏறியிருக்கும். அவன் அறையில் ஏ.சி. ஓடும். மாமனாரைக் கேட்டால், பெரிய மாப்பிள்ளை கல் தேய்க்கிறார், சின்ன மாப்பிள்ளை ஆராய்ச்சி செய்கிறார் என்பார். சாப்பாட்டு மேசையில் முதலில் அவன் தட்டில்தான் பரிமாறுவார்கள். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மாமனார் சுரங்கத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கிருந்து கொண்டுவந்த ஒரு கல் அவர் வீட்டு ஷோகேஸில், கோப்பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அதன் மேல் ஒரு கண். ஒரு துண்டு உடைத்துத் தாருங்கள் மாமா என்று ஒருமுறை கேட்டும் பார்த்தேன்.

"ஞாபகத்துக்குன்னு வெச்சிருக்கேன் மாப்பிள. அதப் போய் ஒடைக்கறதா?" என்றார்.

போன வருஷம் சின்ன மாப்பிள்ளை கேட்டான். கல் முழுசாகச் செய்தித்தாளில் சுற்றப்பட்டு, பையில் போடப்பட்டு, மாமனாரே வாசல் வரை தூக்கி வந்து கொடுத்தார். வீடு திரும்பும் வழியில் காரை விரட்டு விரட்டென்று விரட்டினேன்.

"காதுல பொகை வருது, ஜன்னலத் தொறங்க" என்றாள் என் மனைவி.

மிஷினுக்குப் போகவேண்டுமென்றால் எந்தக் கல்லும் என் மேசைக்கு வந்துதான் தீரவேண்டும். வந்தது. ஒரு வில்லை அறுத்து, வைரப் பசை போட்டுத் தேய்த்து, லென்ஸுக்கடியில் வைத்தேன். பெரும்பகுதி காலீனா, அதாவது ஈயமும் கந்தகமும். கல் வைக்கிற மேடையை எப்படிச் சுழற்றினாலும் காலீனா ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். அதன் ஓரத்தில் ஊசி ஊசியாக வேறொன்று இருந்தது. லேசான பச்சை கலந்த வெள்ளை. மேடையைச் சுழற்றினால் பிரகாசம் கூடிக் குறைந்தது. விளிம்பில் அடர்சிவப்பாக ஒரு மினுக்கு. சல்ஃபோசால்ட் என்று எழுதி, இடத்தை வட்டமிட்டு அவனுக்கு அனுப்பினேன்.

உலோகமும் கந்தகமும் மட்டும் சேர்ந்தால் அது சல்ஃபைடு. கூடவே ஆண்டிமனி, ஆர்சனிக் மாதிரி அரைகுறை உலோகம் ஒன்றும் கூட்டுச் சேர்ந்தால் சல்ஃபோசால்ட். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே சாடை. ஈயச் சாம்பல் நிறம், உலோகப் பளபளப்பு, நகத்தைவிடக் கொஞ்சம் கடினம். இன்னார் இன்னார் என்று பிரிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் அவன் எடுத்த எண்கள் எந்தக் கனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை என்று கேள்விப்பட்டபோது, புதுசாக ஏதாவது இருந்து தொலைக்குமோ என்று பயந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில் அவன் அதைப் போட்டு உடைத்தான்.

"மாமா, உங்க கல்லுல புதுசா ஒரு கனிமம் இருக்கு. ஈயம், வெள்ளி, ஆண்டிமனி, கந்தகம். இந்தக் கணக்குல இதுவரைக்கும் யாரும் பதிவு பண்ணல. கனிமத்துக்குப் பேரு குடுக்கற உலகக் குழு ஒத்துக்கிட்டா உங்க பேரையே வெச்சிடலாம்னு இருக்கேன்."

மாமனாருக்கு வாயெல்லாம் பல். மாமியார் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். என் மனைவிகூடக் கை தட்டினாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினாள்.

எங்கள் தொழிலில் இது அரிச்சுவடிப் பாடம்: தான் கண்டுபிடித்த கனிமத்துக்குத் தன் பேரையே வைத்துக்கொள்ளக் கூடாது. விண்ணப்பத்தில் ஆசிரியர் என்று யார் பேர் இருக்கிறதோ, அந்தப் பேர் கனிமத்துக்கு வராது. தனக்கு வைத்துக்கொள்ள வழியில்லாததால் மாமனாருக்கு ஐஸ் வைக்கிறான், அவ்வளவுதான் விஷயம். அவர் பேர் உலகம் இருக்கும்வரை இருக்கும். அதைக் கொடுத்தவன் சின்ன மாப்பிள்ளை. பத்துப் பிறவி எடுத்துக் கல் தேய்த்தாலும் இதை நான் ஈடுகட்ட முடியாது.

மறுநாள் அதே வில்லையை மறுபடி எடுத்தேன். முதல் தடவை சாதாரண லென்ஸில்தான் பார்த்திருந்தேன். இப்போது எண்ணெய் விட்டுப் பார்க்கிற லென்ஸைப் போட்டு, ஒளிவடிகட்டிகளைக் குறுக்காக வைத்து மேடையை மெல்லச் சுழற்றினேன். ஒரே கனிமமாக இருந்தால் ஊசி முழுசும் ஒரே சமயத்தில் இருண்டிருக்க வேண்டும். இருளவில்லை. பனியன் கோடு மாதிரி ஒரு வரி இருண்டது, அடுத்த வரி பளிச்சென்று நின்றது. இன்னும் சுழற்றினால் மாறிவிட்டது. அது ஒரு கனிமமே இல்லை. இரண்டு கனிமங்கள் மெல்லிய அடுக்குகளாக ஒட்டி வளர்ந்திருந்தன. அவனுடைய மிஷின் இரண்டையும் சேர்த்து அளந்து, சராசரியை எடுத்துக் கொடுத்திருக்கிறது. கலவைக்கு எந்தக் குழுவும் பேர் கொடுக்காது.

நான் அவன் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அந்த வாரம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

"தம்பி, அது ஒண்ணு இல்ல, ரெண்டு" என்றேன், அவன் தட்டில் பரிமாறி முடிக்கும்வரை காத்திருந்து. "வரி வரியா ஒட்டிக்கிட்டு இருக்கு. உன் மிஷினுக்குத் தெரியாது. கல் தேய்க்கிறவனுக்குத் தெரியும்."

மாமனார் முகம் தொங்கிப் போனது. "அப்ப என் பேரு?" என்று கேட்டார். அவன் சண்டைக்கு வருவான், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்று தயாராக இருந்தேன்.

"அப்படியா அண்ணே? நாளைக்குக் காலைல வந்து பாக்கறேன்" என்றான். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

காலையில் எனக்கு முன்னால் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் குனிந்து பார்த்தான். "நீங்க சொன்னதுதான் சரி" என்றான். பிறகு, "இப்ப பளிச்சுன்னு நிக்கிற இந்த வரி ஏற்கனவே தெரிஞ்ச கனிமம்தான். இருண்டிருக்கற வரி என்ன?" என்றான்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. அவனைக் கவிழ்க்கிற அவசரத்தில் பாதியை விட்டுவிட்டேன். அதை அவனிடம் காட்டிக்கொள்ளாமல், "அதத்தான் நானும் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

அதன்பிறகு மாதக்கணக்கில் இருவரும் ஒரே கல்லைக் கட்டிக்கொண்டு அழுதோம். எலக்ட்ரான் கற்றையை ஒடுக்கினால் சூட்டில் வெள்ளி நகர்ந்து எண் பிசகியது. அகட்டினால் பக்கத்து வரியும் சேர்ந்து வந்தது. அகட்டிய கற்றையும் அடங்குகிற அளவுக்கு அந்த வரி தடித்திருக்கிற இடம் வேண்டும். நான் மயிரிழை மயிரிழையாகத் தேய்த்துக் கீழே இறங்கினேன். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் இருப்பதும் போய்விடும். ஒரு மத்தியானம் அந்த வரி அகலமாக விரிந்து வெளியே வந்தது. கையைத் துடைக்காமலே ஓடிப் போய் அவனைக் கூப்பிட்டேன். எண் சுத்தமாக வந்தது. ஒரு துணுக்கைப் பெயர்த்து எக்ஸ்ரேயில் பார்த்ததில் அணுக்கள் அடுக்கியிருந்த விதமும் புதிது. எதிரொளிப்பை நான் அளந்தேன். வைர முனையை அழுத்திக் கடினத்தை நான் பார்த்தேன். ஈய ஆண்டிமனிக் குடும்பத்தில் அதற்கு எந்தக் கிளையில் இடம் என்பதை எழுதியது மட்டும் அவன்.

விண்ணப்பம் முடிகிற சமயத்தில் என் அறை வாசலில் வந்து நின்றான். முகத்தில் ஒரு சிரிப்பு.

"அண்ணே, ஆசிரியர் வரிசைல உங்க பேரு வரல. இப்போதைக்கு எதுவும் கேக்காதீங்க. குழு முடிவு வந்ததும் சொல்றேன்" என்றான்.

எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. "என் வரிடா அது" என்று கத்தினேன். அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். நான் கேட்கவில்லை. நேராக இயக்குநர் அறைக்குப் போனேன்.

"சார், பாத்தது நான், தேய்ச்சது நான். என் பேரு ஆசிரியரா இருந்தாகணும். இல்லேன்னா நான் அளந்து குடுத்த ஒரு எண்ணைக்கூட அவன் போடக் கூடாது."

இயக்குநர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்க பேரு வேற எடத்துல வந்தா பரவாயில்லையா?" என்றார். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்வார்களே, அதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. உதவியவர்கள், பாலிஷ் போட்டவர்கள், டீ வாங்கி வந்தவர்கள்.

"வேற எந்த எடமும் எனக்கு வேணாம் சார்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன்."

"பேச ஒண்ணும் இல்ல."

அவர் பெருமூச்சு விட்டு போனை எடுத்தார். என் பேர் ஏறியது. நான் அவனோடு பேசுவதை நிறுத்தினேன்.

குழு ஒத்துக்கொண்டது. கனிமத்துக்கு மாமனார் பேர். வீட்டில் உறவுக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். கல்லில் மிச்சமிருந்தது மறுபடி ஷோகேஸுக்குப் போயிருந்தது. நான் கடைசியாகப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். மாமனார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"சின்னவர் நேத்துதான் சொன்னார் மாப்பிள. ரெண்டாவது தடவ எழுதும்போது கனிமத்துக்கு உங்க பேரத்தான் வெச்சிருந்தாராம். மொதல்ல பாத்தது அண்ணன்தானேன்னு. அதுக்காகவே உங்கள ஆசிரியர் வரிசைல சேக்காம விட்டிருக்கார். நீங்க டைரக்டர்கிட்டயே போயி, என் பேரு வேணாம், மாமா பேரே இருக்கட்டும்னு சொல்லிட்டீங்களாமே."

இயக்குநரின் பார்வையும் பெருமூச்சும் எனக்கு அப்போதுதான் விளங்கின. என் மனைவி என்னையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. எதிரே சகலை தட்டை விட்டு நிமிரவில்லை.

"எனக்காகவா விட்டுக் குடுத்தீங்க?" என்றார் மாமனார்.

"ஆமா மாமா" என்றேன்.

அவர் என்னை எழுப்பி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். மாமியார் முதலில் என் தட்டில் பரிமாறினார். அந்தப் பரிமாறலும் சகலை எனக்கு வாங்கிக் கொடுத்ததுதான்.