பூச்சில்லாத இரும்பு

பொண்டாட்டியின் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் கார் பெயின்டருக்கு வியப்பு தாங்காது. அவர் வேலையில் பள்ளத்தை அடைத்து, மேட்டை இழைத்து, மேலே நிறத்தை ஏற்றி ஒப்பேற்றிவிடலாம். துரு நீக்கி மெருகேற்றும் அவள் வேலையில் மறைக்க இடமே கிடையாது. வெறும் இரும்பு வெறும் இரும்பாகவே நின்று பளபளக்க வேண்டும். பட்டறையில் அவளுக்கு மினுக்கி என்று பட்டப்பெயர். உடுத்துவதென்னவோ கிரீஸ் ஏறிய பழைய சட்டைதான்.

பட்டறை அவளுடைய அண்ணனுக்குச் சொந்தம். கப்பலில் இஞ்சின் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் பழைய கார் அங்கே எலும்பும் தோலுமாக நின்றது. அதன் ஸ்டியரிங் தண்டு, பிரேக் கம்பிகள், பானட் கொக்கி எல்லாம் அந்தக் காலத்தில் பூச்சே இல்லாமல் வந்தவை. நிக்கல் முலாம் போட்டுத் தொல்லையை ஒழிப்போம் என்றார் கப்பல்காரர்.

"முலாம் போட்டா அது வேற வண்டிங்கய்யா. ஒரு தடவை என்கிட்ட விடுங்க. பிடிக்கலைன்னா அப்புறம் அனுப்புங்க" என்றாள் மினுக்கி.

செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்த்து முடிவு சொல்வதாகப் பேச்சு.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளை பிரஷால் அழுக்கைக் கிளப்பி, மெல்லிய இரும்பு நாரில் எண்ணெய் தொட்டு ஒரே போக்கில் தேய்த்தாள். மறந்தும் குறுக்கே ஓர் இழுப்பு இல்லை. கொக்கியில் எவரோ என்றோ அரம் பிடித்த கோடுகள் இருந்தன. துரு மட்டும் போயிற்று, கோடு அப்படியே நின்றது. பெயின்டருக்குப் புல்லரித்தது.

திங்கள் சாயங்காலம் எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைத்தாள். மறுபடி துருவேறாமல் இருக்க மெழுகு பூச வேண்டியதுதான் பாக்கி. டப்பாவைத் திறந்தால் மெழுகு வறண்டு கிடந்தது. கடையையும் பூட்டிவிட்டார்கள். காலையில் வரும் வழியில் வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்று துணியைப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போனாள். கடைசியாகக் கிளம்பிய பெயின்டர் சும்மா போயிருக்கலாம். துணியை விலக்கித் தண்டையும் கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கையிலெடுத்தார். தடவினார். ஆசைதான், வேறென்ன.

காலையில் மினுக்கியின் குரல் பட்டறையைத் தூக்கியது.

"அண்ணா, திருடன் வந்துட்டுப் போயிருக்கான்!"

"என்னத்தைத் தூக்கிட்டான்?"

"ஒண்ணையும் தூக்கலை. எல்லாத்தையும் தடவிட்டுப் போயிருக்கான்."

தப்பியது கொக்கி மட்டும்தான். தண்டு முழுக்கச் செம்பழுப்புத் துருவாக விரல் ரேகைகள். ஒரு கட்டைவிரல் ரேகைக்கு நடுவே சாய்வாக ஒரு தழும்பு. அண்ணன் சிரித்துக்கொண்டே, "மாப்ள, கொஞ்சம் கையக் காட்டுங்க" என்றான். பெயின்டர் தழும்புக் கட்டைவிரலை மடக்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஊருல இருக்கிற வேர்வை உப்பெல்லாம் உங்க உள்ளங்கையிலதான் இருக்கு!" என்றாள் மினுக்கி.

"அழகா இருந்துச்சு..."

"அழகா இருந்தா பாக்கணும். அதுக்குத்தான் கண்ணு."

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம். பெயின்டர் மினுக்கியின் பக்கம் ஓடினார். "கொக்கியை மட்டும் காட்டு, தண்டை நான் பின்னால கொண்டுபோய் வச்சிடறேன்" என்றார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கையுறையை மாட்டி, தண்டை நடு மேசையில் வைத்தாள்.

கப்பல்காரர் முகம் சுருங்கியது. "ஒரு ராத்திரிக்கே இந்தக் கதியா? இதுக்குத்தாம்மா முலாம்னு சொன்னேன்."

"மெழுகு ஏறாத இரும்பை இவரு கொஞ்சிட்டாருங்கய்யா. நில்லுங்க, பாத்துட்டுப் போங்க."

நாரில் எண்ணெய் தொட்டாள். நீளவாக்கில் தேய்க்கத் தேய்க்க ரேகை கரைந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, புது மெழுகைப் பட்டும் படாமலும் பரப்பி, உலரவிட்டுத் துணியால் உரசினாள். மழை நின்றதும் வானம் வெளுக்கிற மாதிரி தண்டு வெளுத்தது. பார்த்துக்கொண்டே இருந்த கப்பல்காரரின் கை, தன்னையறியாமல் மெழுகு பூசாத கொக்கியை நோக்கி நீண்டது.

பட்டென்று மணிக்கட்டில் ஓர் அடி.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பெயின்டர் கண்ணை மூடிக்கொண்டார். அடித்தவளே ஒரு கணம் ஆடிப்போனாள். "பச்சை இரும்புங்கய்யா..." என்று இழுத்தாள்.

கப்பல்காரர் மணிக்கட்டைத் தடவியபடி கொக்கியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். குலுங்கிச் சிரித்தார். "இஞ்சின் ரூம்ல என்மேல கைவச்ச ஆளே கிடையாதும்மா. முலாம் வேண்டாம். இஞ்சினையும் நீயே பாரு. எனக்கு ஒரு கையுறை குடு, இந்தக் கொக்கிக்கு நான் பூசறேன்."

அவள் கொடுத்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு?" என்றார் பெயின்டர்.

"உங்களுக்கு ரெண்டு ஜோடி. ஒண்ணு மேல ஒண்ணு."