சீலிங்கில் தொங்கிய கால்

மர்டோவுக்கு இதயத்தில் அடைப்பு வந்து, டனீடன் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து அவன் மனைவி நைரிக்கு ஒழுங்கான தூக்கம் கிடையாது. பக்கத்தில் படுத்துக்கொண்டு அவன் மூச்சு விடுவதையே கேட்டுக்கொண்டிருப்பாள். சத்தம் கொஞ்சம் தாழ்ந்தால் போதும், முழங்கையால் ஒரு இடி. "என்னடி?" என்று அவன் திடுக்கிட்டு விழித்தால், "குறட்டை" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

பகலிலும் அதே கதைதான். அவன் விறகுக் கூடையில் கை வைத்தால் பிடுங்கிக்கொள்வாள். குப்பைத் தொட்டியைத் தெருமுனைக்கு இழுத்துப் போக விடமாட்டாள். வாழ்நாளெல்லாம் ஆட்டு லாரி ஓட்டி, அடம்பிடிக்கிற கிடாக்களை இடுப்பில் முட்டுக்கொடுத்து ஏற்றி இறக்கிய மனுஷன், ஜன்னலோரம் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். முகம் நாளுக்கு நாள் சுருங்கிப்போனது. பேச்சும் குறைந்துவிட்டது.

அந்த வருஷம் அவர்கள் ஊரான பல்க்ளூத்தாவில், ஜூனில் தொடங்க வேண்டிய குளிர்காலம் முந்திக்கொண்டு, மே மாதமே உறைபனி பிடித்துவிட்டது. அவர்களுடையது பழைய மரவீடு. உயரமான சீலிங், மேலே தகரக் கூரை, இரண்டுக்கும் நடுவே வெறும் பரண். கூடத்துக் கணப்பில் எவ்வளவு விறகு போட்டாலும் சூடு நேரே மேலே போய் வானத்தைத்தான் சூடாக்கியது. "வீட்டைக் கதகதப்பா வெச்சுக்குங்க, குளிர் இதயத்துக்கு ஆகாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். சூடு வெளியேறாமல் தடுக்கப் பரணில் கண்ணாடிப் பஞ்சு பரப்புகிற ஆட்களைக் கூப்பிட்டால், வசந்தம் வரைக்கும் வேலை நிரம்பியிருக்கிறது என்றார்கள்.

"வசந்தத்துல எனக்கு எதுக்கு அது?" என்ற நைரி, கடையிலிருந்து பஞ்சு மூட்டைகளை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்தெட்டு வயதிலும் கை வலு குறையவில்லை.

"நான் ஏறுறேன். நீ கீழேருந்து எடுத்துக் குடு" என்றான் மர்டோ.

"நீ ஏணியைத் தொட்டுப் பாரு."

"தொட்டா?"

"என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீயே சமைச்சுச் சாப்பிடு."

"அது தண்டனை மாதிரி தெரியலையே" என்றான். சிரிக்காமல் சொன்னான். ஆனாலும் பல நாளுக்குப் பிறகு வந்த கேலி என்பதால் நைரிக்கு அதுவே பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலை, முழுக்கைச் சட்டையும் கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு, நடைக்கூடத்து மேலிருந்த சதுர ஓட்டை வழியாகப் பரணுக்குள் ஏறினாள். உள்ளே நிமிர்ந்து உட்காரக்கூட இடமில்லை. உத்திரக் கட்டைகள் வரிசையாக ஓடின. அவற்றுக்கு நடுவே தெரிந்ததெல்லாம் சீலிங் அட்டையின் முதுகுதான். கால் வைத்தால் தாங்காது. இரண்டு கட்டைகளுக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் வயிறு உரசத் தவழ்ந்தாள். கட்டைகளுக்கு இடையில் பஞ்சுப் பாளத்தை இழுத்து வைத்து, அமுக்காமல் ஓரங்களை மட்டும் ஒட்டிப் பொருத்த வேண்டும். அமுக்கினால் குளிர் தாங்காது என்று கடைக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

படுக்கையறைகள் இரண்டும் முடிந்தபோது கழுத்தெல்லாம் அரிப்பு. கண்ணாடித் தூள் எப்படியோ சட்டைக்குள் நுழைந்துவிட்டது. கீழே மர்டோ நடமாடுகிற சத்தம் கேட்டது.

"என்ன பண்ற?"

"டீ போடுறேன். அதுக்காவது அனுமதி உண்டா?"

"உண்டு."

"ரொம்ப நன்றி."

டீயோடு நிற்கவில்லை அவன். மேலே குளிரில் கிடக்கிறாளே, இறங்கி வரும்போது கூடம் சூடாக இருக்கட்டும் என்று கணப்பையும் மூட்டியிருக்கிறான். விறகையும் அவனே தூக்கி வந்திருக்கிறான். நைரிக்கு இது எதுவும் தெரியாது. கூடத்துக்கு மேலே, புகைபோக்கியின் செங்கல் தூண் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் மூலைக்கு அப்போதுதான் வந்திருந்தாள். பலகையைத் திருப்பிப் போடுவதற்காக ஒரு முழங்காலை உயர்த்தினாள். மற்றது கட்டையிலிருந்து வழுக்கியது.

அட்டை உடைந்த சத்தம் துப்பாக்கி வெடித்தது போலக் கேட்டது. வலதுகால் தொடைவரை கீழே இறங்கிவிட்டது. இடதுகால் பின்னால் மடிந்து உத்திரத்தில் மாட்டிக்கொண்டது. நெற்றி விளக்கு கழன்று எங்கோ உருண்டு அணைந்துபோனது.

கீழேயிருந்து மர்டோவின் குரல் வந்தது.

"நைரி, அது உன் காலா?"

"இல்ல, பக்கத்து வீட்டுக்காரி கால். வேற யாரோடதுன்னு நெனைச்ச?"

"என் டீல பாதி சீலிங் கெடக்குது."

"டீ கெடக்கட்டும். நான் மாட்டிக்கிட்டேன்."

"ரத்தம் வருதா?"

"இல்ல. அசைய முடியல."

அசைய முடியாததால்தான் பார்த்தாள். விளக்கு எரிந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. புகைபோக்கியின் செங்கற்களுக்கு நடுவே ஒரு கோணல் விரிசல் ஓடியது. எந்த நிலநடுக்கத்தில் பிளந்ததோ. உள்ளே செந்நிறமாக ஒளி துடித்தது. விரிசலை ஒட்டி நின்ற கூரைச் சட்டத்தில் ஒரு இடம் சுருட்டு முனைபோலக் கனன்றுகொண்டிருந்தது. கரிந்த மரத்தின் வாடை முகமூடியையும் மீறி ஏறியது.

"மர்டோ, கணப்பை மூட்டினியா?"

"உனக்காகத்தான்..."

"உடனே அணை. புகைபோக்கி வெடிச்சிருக்கு. கூரைக் கட்டையில நெருப்பு. தீயணைப்புக்குப் போன் பண்ணு. பண்ணிட்டு வெளியே போயிடு. கேக்குதா? நீ வெளியே போ."

தண்ணீர் கொட்டி நெருப்பு சீறியது கேட்டது. போனில் அவன் முகவரி சொன்னது கேட்டது. அதற்குப் பிறகு வாசல் கதவு திறக்கும் என்று காத்திருந்தாள். அதற்குப் பதில் ஏணி கிறீச்சிட்டது.

"மர்டோ, வேண்டாம். ஏறாதே. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"வாய மூடு நைரி."

கல்யாணமானதிலிருந்து அவன் அப்படிச் சொன்னதில்லை. ஓட்டையில் முதலில் ஒரு டார்ச் வெளிச்சம் வந்தது. பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற பம்ப் டப்பா. அதற்குப் பின்னால் அவன் வழுக்கைத் தலை.

"எங்க கால் வைக்கணும்?"

"கட்டை மேல மட்டும். அட்டைல வைக்காத."

"வெச்சா என்ன ஆகும்னு கீழேருந்து பாத்தேன்."

கட்டை கட்டையாகப் பிடித்து, டப்பாவை முன்னால் தள்ளித் தள்ளித் தவழ்ந்து வந்தான். நைரி கண்ணை மூடிக்கொண்டு அவன் மூச்சைக் கேட்டாள். வேகமாக வந்தது, ஆனால் சீராக வந்தது. அவளைத் தாண்டிப் போய், படுத்த வாக்கிலேயே பம்பை அடித்தான். கனல் 'உஸ்' என்று கறுத்து ஆவியாகக் கிளம்பியது. அவன் விடாமல் அடித்தான். சட்டத்தையும், விரிசலையும், சுற்றியிருந்த மரத்தையும் டப்பா வறளும்வரை நனைத்தான்.

பிறகு அவளிடம் திரும்பி வந்து, இரண்டு கட்டைகளில் முட்டி ஊன்றி, அக்குளுக்கடியில் கைகொடுத்தான்.

"மூணு சொன்னதும் தூக்குவேன்."

"உனக்கு நெஞ்சு..."

"மூணு."

ஒரே இழுப்பு. கிடாவைத் தூக்கிய கை அல்லவா? நைரி பலகைமேல் வந்து விழுந்தாள். இருவரும் மூச்சிரைக்கக் கிடந்தார்கள்.

"நெஞ்சு வலிக்குதா? உண்மையைச் சொல்லு."

"முட்டி வலிக்குது. உன்னைத் தூக்கினதுல இடுப்பும் வலிக்குது."

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முகமூடிக்குள் அழுவது எத்தனை சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஊரின் தீயணைப்புப் படை என்றால் எல்லாம் தெரிந்த முகங்கள்தான். சைரன் கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள். தலைவன் டூகல், மர்டோவோடு ரக்பி ஆடியவன். பரணுக்குள் தலையை நீட்டி, பஞ்சுத் தூளும் கரியும் அப்பிக் கிடந்த இருவரையும் பார்த்தான்.

"தனியா இருக்கணும்னா சொல்லுங்க, அப்புறமா வர்றோம்."

"வாடா உள்ள" என்றான் மர்டோ.

டூகல் சட்டத்தைச் சுரண்டிப் பார்த்ததும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கரி ஆழமாக உள்ளே போயிருந்தது.

"இது இன்னிக்குக் கருகினது இல்ல. பல குளிர்காலமா கொஞ்சங் கொஞ்சமா வெந்திருக்கு. இன்னிக்குத்தான் பிடிச்சிருக்கு. இவ கால் வழுக்காம இருந்திருந்தா, வேலைய முடிச்சுக் கீழ எறங்கிக் கணப்பு முன்னால உக்காந்திருப்பீங்க. ராத்திரி தூங்கப் போயிருப்பீங்க."

மர்டோ எவ்வளவு மறுத்தும் நைரி அவனை அன்று மதியமே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸ் ஃப்ளோரா நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஈசிஜி காகிதத்தில் ஓடி வந்த கோட்டைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள்.

"நல்லான்னா?"

"என்னோடதவிட நல்லா இருக்கு. இவரு இப்ப நடக்கலாம், ஏறலாம், எறங்கலாம். ஆறு வாரம் கழிச்சு வழக்கமான வேலையெல்லாம் செய்யலாம்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரே, அதுவும் தாண்டியாச்சு, காதுல விழலையா?"

நைரிக்கு நினைவு வந்தது. டாக்டர் பேசியபோது 'ஜாக்கிரதை' என்ற சொல்வரைக்கும்தான் அவள் கேட்டிருந்தாள். அப்புறம் அவர் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விட்டது.

"நான் சொன்னேன்ல?" என்றான் மர்டோ.

"நீ எப்ப சொன்ன?"

"தெனமும் சொன்னேன். நீதான் விறகுக் கூடையைப் பிடுங்கிக்கிட்டுப் போயிட்ட."

ஃப்ளோரா ஒயர்களைப் பிரித்தபடி, "சண்டைய வெளியே போய்ப் போடுங்க" என்றாள். நைரிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவே இல்லை. காருக்குப் போய் உட்கார்ந்தும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பெரிய மூட்டையைத் தோளிலிருந்து யாரோ இறக்கி வைத்துவிட்ட மாதிரி உடம்பு லேசாக இருந்தது.

கொத்தனார் வந்து புகைபோக்கியைக் கூரைக்குக் கீழே வரை இடித்து இறக்கினான். கரிந்த சட்டத்தை மாற்றினார்கள். கணப்பை மூடிவிட்டு, அந்தச் சுவரிலேயே மின்சார ஹீட்டர் ஒன்றை மாட்டினார்கள். மிச்சப் பஞ்சை இருவருமாகப் பரணில் ஏறிப் பரப்பினார்கள். அவன் பாளங்களை நீட்ட, அவள் பொருத்தினாள். கோணலாக வைத்திருக்கிறாய் என்று மாறி மாறிக் குறை சொல்லிக்கொண்டார்கள். சீலிங் ஓட்டையை அடைத்த மர்டோ, பெயின்ட் மட்டும் அடிக்கவில்லை. ஏனென்று கேட்டால், "விருந்தாளிக்குக் காட்ட வேண்டாமா?" என்றான்.

வேலை முடிந்த மறுநாள் நைரி நன்றாக விடிந்த பிறகுதான் கண் விழித்தாள். பக்கத்தில் படுக்கை காலி. பதறவில்லை. வீட்டுக்குள் மெத்தென்று சூடு நின்றது. வெளியே மர்டோவின் குரல் கேட்டது.

"நைரி, சீக்கிரம் வந்து பாரு."

கோட்டை மாட்டிக்கொண்டு புல்வெளியில் இறங்கினாள். அவன் குப்பைத் தொட்டியை இழுத்து விட்டுவிட்டு வந்து, கைகளைத் தேய்த்தபடி கூரையைப் பார்த்து நின்றிருந்தான். பக்கத்து வீட்டுக் கூரையில் பனி உருகி ஈரத் தகரம் பளபளத்தது. அவர்கள் கூரையில் மட்டும் உறைபனி ஓரம்வரை வெள்ளை வெளேரென்று அப்படியே உட்கார்ந்திருந்தது.

"சூடு ஒரு சொட்டு வெளியே போகல" என்றான்.

"குளிர்ல நடுங்கிக்கிட்டு நிக்காத, உள்ள வா" என்றாள். சொல்லிவிட்டு அவளும் போகாமல், அவன் கையைத் தன் கோட்டுப் பைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.