சுடலைமணி வீட்டில் சார்ஜ் போட வந்தவர்கள்

வாசலில் ஐந்து ஜோடி செருப்பு கிடந்ததைப் பார்த்ததுமே கற்பகத்துக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. காலை எட்டு மணியிலிருந்து மழையில் நின்று கொழுந்து கிள்ளியவளுக்கு, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவின் முடிச்சை அவிழ்க்கக்கூட விரல் மடங்கவில்லை. தன் வீட்டுக்குள் நுழைவதற்கு அடுத்தவர் செருப்பைக் காலால் தள்ளி வழி பண்ணிக்கொள்ள வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அடித்த காற்றில் ஏலப்பாறை போகும் ரோட்டில் மரங்கள் சரிந்து, கரண்ட் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தன. அதற்குக் கீழே ஒரு வளைவில் மண் இடிந்து ரோட்டை மூடிக்கொண்டது. பஸ் இல்லை, ஜீப் இல்லை, கரண்ட் இல்லை. எஸ்டேட் லயத்தின் வரிசையான பன்னிரண்டு வீடுகளிலும் போன்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. பேக்டரியில் ஜெனரேட்டர் ஓடுகிறது, ஆனால் அது இலையை வாட்டுவதற்கு. இலை கெட்டுப்போகும், ஆட்கள் கெட்டுப்போக மாட்டார்கள் என்ற தைரியம் மேலே இருப்பவர்களுக்கு எப்போதும் உண்டு.

கற்பகத்தின் வீட்டில் மட்டும் ஒரு பவர் பேங்க் இருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற சின்னது இல்லை. அரைச் செங்கல் அளவு, தூக்கிப் பார்த்தால் கனமும் கிட்டத்தட்ட அவ்வளவு. ஒரே நேரத்தில் நாலு வயர் செருகலாம். எத்தனை சதவீதம் மிச்சம் என்று முகப்பில் எண் எரியும். கோயம்புத்தூரில் ஒரு லேபில் வேலை பார்க்கும் மகள் யோகப்பிரியா, போன தடவை லீவில் வந்தபோது கொண்டுவந்து வைத்துவிட்டு, "இது அப்பா மிஷினுக்கு மட்டும்தான். வேற எதுக்கும் எடுக்கக் கூடாது," என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பாவின் மிஷின் என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஆவி மிஷின். சுடலைமணி முப்பது வருடம் பேக்டரியில் தூள் சலிக்கிற அறையில் நின்றவர். சலித்த தூளெல்லாம் ஊர் ஊராக டீ போடப் போனது. போகாமல் நின்றது அவர் நெஞ்சுக்குள் உட்கார்ந்துகொண்டது. பீடியும் சேர்ந்துதான் கெடுத்தது என்று டாக்டர் சொன்னதை அவர் வீட்டில் யாரும் எடுத்துப் பேசக் கூடாது. காலையும் மாலையும் சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் இருக்கும் மருந்தை மிஷினில் ஊற்றி, முகமூடியை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் இழுக்க வேண்டும். இழுத்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். இழுக்காவிட்டால் கட்டில்தான். மிஷினின் சொந்த பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் வயர் செருகினால்தான் அது ஓடும்.

உள்ளே சுடலைமணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் பவர் பேங்க். அதிலிருந்து நாலு வயர், நாலு போன். சுற்றிலும் தரையில் ஆட்கள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டாம் ஷிப்ட்... முடிஞ்சுது. ஆர்த்தி, கழட்டு. மூணாம் ஷிப்ட்... யாரு?"

ஆளுக்கு இருபது நிமிடம், அதற்குமேல் ஒரு நிமிடம் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். பக்கத்து வீட்டுச் சின்னத்தாயின் மகள் ஆர்த்தி சிரித்துக்கொண்டே தன் போனைக் கழற்றினாள். "மாமா பேக்டரில கூட இம்புட்டு கண்டிசனா இருந்திருக்க மாட்டீக," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சுடலைமணியும் சிரிக்கப் போய், சிரிப்பு பாதியில் மூச்சுக்கு வழிவிட்டு நின்றது.

கற்பகம் எண்ணைப் பார்த்தாள். இருபத்து மூன்று. காலையில் அவள் வேலைக்குப் போகும்போது நாற்பத்தெட்டு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோடு எப்போது திறக்கும், கரண்ட் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கு இருபத்து மூன்று என்றால் நாளை சாயங்காலம் சைபர். அதற்குப் பிறகு இந்த மனிதர் எதை வைத்து மூச்சு விடுவார்? இவர்களில் யாராவது ஊதிவிடுவார்களா? வெள்ளிக்கிழமையும் அதுவுமாக விளக்கு வைக்கிற நேரத்தில் உப்பும் பாலும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லி எல்லோரையும் கிளப்பிவிடலாமா என்று யோசித்தாள். கரண்ட் அந்தக் கணக்கில் வருமா என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. சண்டை போடுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

"மருந்து பிடிச்சீகளா?" என்று மட்டும் கேட்டாள்.

"காலைலயே... ஆச்சு," என்றார் சுடலைமணி, அவளைப் பார்க்காமல்.

மூன்று வார்த்தைக்கு ஒரு இழுப்பு. குளிர் காற்றால் இருக்கும் என்று ரெண்டு நாளாக அவளே அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குப் போய், ஈரச் சேலையோடு அலமாரியைத் திறந்து மருந்து டப்பாவை எடுத்தாள். இருபது குப்பி உள்ள புது டப்பா. கரண்ட் போன அன்றைக்குக் காலையில் அவள் கையாலேயே பிரித்தது. இன்று காலையோடு ஏழு தீர்ந்திருக்க வேண்டும். ஒன்று ஒன்றாக எடுத்து மேடையில் வைத்தாள். பதினெட்டு இருந்தது.

நாலு நாளில் ரெண்டு. செவ்வாய்க்கிழமை போட்டதோடு சரி. புதன்கிழமைதான் சின்னத்தாய் முதல் ஆளாக, "ஒரே ஒரு கால் பண்ணணும் மைனி," என்று போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இங்க கொஞ்சம் வாங்க," என்று கூப்பிட்டாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஏழெட்டு அடிதான் தூரம். வந்து நின்றதும் மேடையில் வரிசையாக நின்ற குப்பிகளைப் பார்த்தார்.

"சாகப் போறீகளா?" குரல் வெளியே கேட்டுவிடாமல் கேட்டாள். "நான் மலையில மழையில கெடந்து சாகுறது பத்தாதா? ஊர்ல உள்ள போனுக்கெல்லாம் உசுரு குடுத்துட்டு நீங்க போயிருவீக. பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"கரண்ட்ட மிச்சம் பிடிக்க இல்ல," என்றார்.

"பின்ன?"

அவர் மேடையைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்துக்கொண்டார். 

"ஆளுக இருக்காகல்ல. அவுக முன்னாடி... அந்த மூடிய மாட்டிட்டு எப்படி உக்காருறது? ரெண்டு வருசமா... இந்தப் படிய எவனாவது மிதிச்சானா? இப்பத்தான் வாறாக. உக்காருறாக. பேசுறாக. அத மாட்டுனதப் பாத்தா... நாளைக்கு ஒருத்தன் வர மாட்டான்."

 அவர் சொன்னதில் பொய் இல்லை. லயத்தில் விடாத இருமல் என்றால் அது டிபிதான், வேறு பேச்சே இல்லை. ஆசுபத்திரியில் மூன்று தடவை சளியைச் சோதித்து, டிபி இல்லை, ஒட்டுகிற நோயே இல்லை என்று எழுதிக் கொடுத்த காகிதத்தை அவள் குழாயடியில் வைத்தே நாலு பேருக்குக் காட்டினாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு வராமல் இருந்தார்கள். காலை முதல் அவள் திரும்பி வரும்வரை அந்த மனிதர் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசாமல் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அவளும் வந்ததும் அடுப்பு, அடுப்பு முடிந்தால் தூக்கம். அவர் பேச்சுக்கு ஏங்கியது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அவளால் முடியவில்லை.

ஆனால் அதற்காகச் செத்துப்போக விட முடியாது.

ஒரு குப்பியையும் மிஷினையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அவர் பின்னால் வந்து சேலையை லேசாகப் பிடித்து இழுத்தார். அவள் நிற்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் குப்பியைத் திருகி மருந்தை ஊற்றினாள்.

"உங்க அண்ணனுக்கு மூச்சு வாங்குது. இத வச்சா சரியாயிரும். நேரமாச்சு, வைக்கணும். ஒட்டுற நோவு இல்ல, ஆயிரந் தடவ சொல்லியாச்சு. இருக்கிறவுக இருங்க."

அவரை நாற்காலியில் உட்காரவைத்து முகமூடியை மாட்டினாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு வயரைக் கழற்றி மிஷினில் செருகியதும் முகமூடிக்குள் வெள்ளையாக ஆவி எழுந்தது. ஓரங்களில் கசிந்து அறைக்குள் வந்தது.

சின்னத்தாய்தான் முதலில் எழுந்தாள். "அடுப்புல ஒல வச்சுட்டு வந்தேன் மைனி," என்றாள். வரும்போது பார்த்த அவள் வீட்டுக் கூரையில் புகையே இல்லை என்பது கற்பகத்துக்குத் தெரியும். ஆர்த்தி இருக்கத்தான் பார்த்தாள், அம்மா கையைப் பிடித்துக் கிளப்பிவிட்டாள். அடுத்து ரெண்டு பேர், பாதி ஏறிய போனைப் பிடுங்கிக்கொண்டு, சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோய்ப் பாதி வழியில் வெட்கப்பட்டு இறக்கிக்கொண்டு போனார்கள். செருப்புகள் ஒவ்வொரு ஜோடியாகக் குறைந்தன. சுடலைமணி கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு காலடியையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.  நல்லது செய்தோமா, இருந்த ஒன்றையும் பறித்தோமா என்று கற்பகத்துக்கே புரியவில்லை.

பிச்சைமணி மட்டும் சுவரில் சாய்ந்தபடி அப்படியே இருந்தார்.

அந்த மனிதர் மேல் அவளுக்குத் தனியாகவே ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. சலிக்கிற அறையில் சுடலைமணியோடு இருபது வருடம் தோளோடு தோள் நின்றவர். நாலு வீடு தள்ளித்தான் குடியிருப்பு. இவர் படுத்த பிறகு ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. கரண்ட் போனதும் தினமும் வருகிறார், இன்று மட்டும் மூன்று தடவையாம். தேவை என்றதும் நடக்க வருகிறதே என்று நினைத்துக்கொண்டு, அவர் போனையாவது கழற்றி இருக்கிற சதவீதத்தைக் காப்பாற்றலாம் என்று எடுத்தாள். பட்டன் வைத்த பழைய போன். திரையில் பேட்டரிப் படம் விளிம்புவரை நிறைந்திருந்தது. செருகியே ஐந்து நிமிடம் ஆகவில்லை.

"ஏண்ணே, இது நெறஞ்சுல்ல இருக்கு? எதுக்கு இங்க கொண்டாந்து சொருகி வச்சிருக்கீக?"

 பிச்சைமணியின் பார்வை முகமூடியின் மேலேயே இருந்தது. சுடலைமணியின் மார்பு ஏறி இறங்குவதை, முதலில் வெடுக் வெடுக்கென்று இருந்தது மெல்ல மெல்லச் சீராவதை, அவர் எதையோ கற்றுக்கொள்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே லேசாகுதா?" என்று கேட்டார்.

சுடலைமணி கண்ணைத் திறந்தார். யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். தலையை ஆட்டினார்.

"எனக்கும் ஒரு வருசமா மல்லாந்து படுக்க முடியல," என்றார் பிச்சைமணி. "உக்காந்துதான் தூங்குதேன். கொழுந்து மூட்டையத் தூக்குனா கண்ணு இருட்டுது. யார்ட்டயும் சொல்லல. சொன்னா வேலய விட்டு நிறுத்திருவாக, லயத்துல வேற மாதிரி பேசுவாக." குரல் தாழ்ந்தது. "ஒன்னிய வந்து பாக்காததும் அதுக்குத்தாம்டா. வந்து பாத்தா, நாளைக்கு நான் எப்படிக் கெடப்பேன்னு பாத்த மாதிரில்ல இருக்கும். இந்த மிசின ஒரு தடவ போடையில பாத்துரணும்னு மூணு நாளா வாறேன். நீ போடவே இல்ல."

கற்பகம் கையில் அந்தப் போனோடு நின்றாள். அவரைத் திட்டுவதற்காக ரெண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் இருந்த இடம் தெரியவில்லை.

"இவர் மருந்த உங்களுக்கு வைக்கக் கூடாதுண்ணே," என்றாள். "டாக்டரு பாத்துத்தான் சொல்லணும்."

"வேணாம், வேணாம். கேக்கத்தான் செஞ்சேன்." சுடலைமணியின் பக்கம் திரும்பினார். "எம்புட்டு நாளைக்குடா போடணும்?"

இந்தக் கேள்வியைக் கற்பகம் டாக்டரிடம் கேட்டபோது சுடலைமணி பக்கத்து ஸ்டூலில் இருந்தார். பதிலை ரெண்டு பேருமே கேட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பதில் இந்த வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை. மகள் கேட்டால் கொஞ்ச நாளைக்கு என்பார். மறுபரிசோதனைக்குக் கூப்பிட்ட தேதிகளையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தார்.

சுடலைமணி முகமூடியைத் தாடைக்கு இறக்கினார்.

"இருக்கிற வரைக்கும்," என்றார்.

 பிச்சைமணி நகர்ந்து வந்து நாற்காலிக் காலை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

"ரோடு தெறந்ததும் சொல்லுதேன், ஒன்னா ஜீப்புல போவம்," என்றார் சுடலைமணி. "எனக்கும் போவ வேண்டியிருக்கு. தனியாப் போக... ஒரு மாதிரி இருக்கு."

"சரி. மாட்டுடா அத, மருந்து வீணாப் போகுது," என்று பிச்சைமணியே கையை நீட்டி முகமூடியை மேலே ஏற்றிவிட்டார்.

கற்பகம் போனை அவர் பக்கத்தில் வைத்தாள். அடுப்பு பற்றவைக்க வேண்டும், ஈரச் சேலையை மாற்ற வேண்டும், விளக்கு வைக்க வேண்டும். எல்லாம் இருக்கட்டும் என்று காலையிலிருந்து முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தாள்.